சான் டியாகோ சுண்டெலிகள்

ஆட்டிசப் பிள்ளையின் தாய் நான். பள்ளியில் விலங்கியல் நடத்தியவளும்கூட. என் மகனுக்காகப் படித்ததில் அமெரிக்காவின் சான் டியாகோ இரண்டு முறை எதிர்ப்பட்டது.

அங்கே கடற்படையில் உளவியலாளராக இருந்தவர் பெர்னார்ட் ரிம்லண்ட். அவர் மகனுக்கும் ஆட்டிசம். தாய்க்குப் பாசம் போதாததால்தான் பிள்ளை இப்படி என்று மருத்துவர்களே சொன்ன காலம் அது. 1964இல் அவர் எழுதிய புத்தகம், கோளாறு உடலில் இருக்கிறது என்று வாதாடி அந்தப் பழியை எங்கள் தலையிலிருந்து இறக்கியது. அந்த நன்றி எனக்கு என்றும் உண்டு. பிறகு அவர் வைட்டமின்கள் பக்கம் போனார். 1978இல் பி6 சோதனையை வெளியிட்டார். பங்கேற்ற குழந்தைகள் 16 பேர்தான்.

2012இல் அதே ஊரின் பல்கலைக்கழகத்தில் ஜோசப் கிளீசனின் ஆய்வகம். எகிப்து, துருக்கி, லிபியாவைச் சேர்ந்த, சொந்தத்தில் மணந்த குடும்பங்கள். பிள்ளைகளுக்கு ஆட்டிசமும் வலிப்பும். அந்த ஆய்வகத்தின் கையா நோவரினோவும் உடனிருந்தவர்களும் அவர்களிடம் பிசிகேடிகே என்ற மரபணு பழுதாகியிருப்பதைக் கண்டார்கள். லியூசின், ஐசோலியூசின், வாலின் என்ற மூன்று அமினோ அமிலங்களையும் நம் உடல் தானாகச் செய்துகொள்ளாது. பருப்பு, பால், முட்டை, இறைச்சியிலிருந்துதான் வரவேண்டும். அவை மளமளவென்று எரிந்து தீராமல் பிரேக் பிடிப்பது இந்த மரபணு. பிரேக் போனால், வயிறாரச் சாப்பிட்டும் ரத்தத்தில் பஞ்சம். அதே மரபணுவை நீக்கிய சுண்டெலிகளுக்கும் நடுக்கம், வலிப்பு. அந்த மூன்று அமினோ அமிலங்களையும் தீனியில் கூட்டியதும் அவை அடங்கின.

நான் தாய்மாமனைக் கட்டியவள். அதைப் படித்த இரவு எனக்குத் தூக்கமில்லை. தெரபிக்குப் போன இடத்தில் தலையில் கட்டிய புரோட்டீன் பவுடர் அப்போது வீட்டில் மூன்று டப்பா இருந்தது. மருத்துவரிடம் கேட்டு மகனுக்கு அமினோ அமில ரத்தப் பரிசோதனை செய்தோம். மூன்றும் சரியான அளவில் இருந்தன. அந்தச் சுண்டெலிகளின் குறை அவனுக்கு இல்லை. பவுடரை நிறுத்தினேன்.

2018இல் ஆக்லாந்திலிருந்து இன்னொரு சேதி: துத்தநாகம் கூட்டிய தீனி தின்ற சுண்டெலிகள் தம்மையே ஓயாமல் நக்கிக்கொள்வது குறைந்ததாம். அவை ஷாங்க்3 என்ற ஒரு மரபணுவைப் பழுதாக்கி வளர்த்த எலிகள். சேதியைச் சொன்ன உறவினர் துத்தநாக மாத்திரையையும் கையோடு கொண்டுவந்தார். மரபணுவைப் பற்றி அவருக்கு யாரும் சொல்லவில்லை.

டப்பாவை நீட்டுகிறவரிடம் தயவுசெய்து கேளுங்கள்: இது எந்தக் குறைக்கு? என் பிள்ளைக்கு அந்தக் குறை இருப்பது எந்தப் பரிசோதனையில் தெரிந்தது?