ஒரு பிரதி, ஐம்பது மாணவர்கள்: ரிசர்வ் அலமாரியின் கதை

அமெரிக்கக் கல்லூரி நூலகங்களில் கவுன்ட்டருக்குப் பின்னால் ஒரு தனி அலமாரி இருக்கும். அதில் உள்ள புத்தகங்களை மற்றவை மாதிரி ரெண்டு வாரத்துக்கு எடுத்துட்டுப் போக முடியாது. ரெண்டு மணி நேரம், மிஞ்சினா ஒரு ராத்திரி. இதற்கு 'கோர்ஸ் ரிசர்வ்' என்று பெயர். பருவம் தொடங்குவதற்கு முன்னாடியே பேராசிரியர் ஒரு பட்டியல் கொடுப்பார்: எந்தப் பாடம், எத்தனை மாணவர்கள், எந்தெந்தப் புத்தகம், ஒவ்வொண்ணும் எவ்வளவு நேரத்துக்கு. நூலகர் அவற்றைப் பொது அடுக்கிலிருந்து எடுத்து இங்கே கொண்டுவந்து வைப்பார். நூலகத்தில் இல்லாததை ஆசிரியர் தன் சொந்தப் பிரதியாகவும் கொடுக்கலாம்.

நூலக வரலாறு எழுதுகிறவர்கள் கட்டடங்களைப் பற்றியும் பகுப்பு முறைகளைப் பற்றியும்தான் அதிகம் எழுதுவாங்க. இந்த அலமாரிக்கு ஒரு பத்தி கிடைச்சாலே பெரிசு. ஆனால் புத்தகம் வாங்கக் காசில்லாத மாணவன் மற்றவர்களோடு சேர்ந்து படிக்க முடியுமா என்ற கேள்விக்கு நேரடியான பதில் இங்கேதான் இருக்கு. அதனால்தான் இதன் கதையைத் தேட ஆரம்பிச்சேன்.

பிரச்சினை அலமாரியைவிடப் பழசு. 13ஆம் நூற்றாண்டில் பாரிஸ், பொலோன்யா பல்கலைக்கழகங்களில் ஒரு பாடநூலை எல்லாரும் எப்படிப் படிப்பது? கையால் எழுதிய பிரதி, விலையோ எட்டாத உயரம். அங்கே 'பெசியா' என்று ஒரு முறை இருந்தது. பெசியா என்றால் துண்டு. சரிபார்த்த மூலப்பிரதியைப் பைண்டு செய்யாமல் தனித்தனிக் கட்டுகளாகக் கடைக்காரர் வைத்திருப்பார். மாணவரோ எழுத்தரோ ஒரு துண்டை வாடகைக்கு எடுத்து நகலெடுத்துவிட்டுத் திருப்பிக் கொடுத்து, அடுத்த துண்டை வாங்கிக்கலாம். ஒரே நூலைப் பல பேர் ஒரே சமயத்தில் நகலெடுக்க முடிந்தது இதனால்தான். வாடகையைக் கடைக்காரர் இஷ்டத்துக்கு ஏத்த முடியாது, பல்கலைக்கழகமே நிர்ணயித்தது. பாரிஸில் இப்படிப்பட்ட விலைப்பட்டியல்கள் 1275 வாக்கிலும் 1304இலும் வந்திருக்கின்றன.

அதே பாரிஸில் சோர்போன் கல்லூரி வேறொரு வழி பிடித்தது. 1289இல் அங்கே ஒரு அறையில் பலருக்கும் தேவைப்படும் நூல்களை மேசையோடு சங்கிலியால் பிணைத்தார்கள். கடன் கொடுக்கிற நூல்கள் தனியாக இருந்தன. அடுத்த ஆண்டுக் கணக்கில் அந்தக் கல்லூரியிடம் இருந்தவை மொத்தம் 1,017 தொகுதிகள். சங்கிலி என்றதும் சிறை மாதிரித் தோணும். ஆனால் அதன் நோக்கம், ஒருத்தர் எடுத்துட்டுப் போய் மத்தவங்க ஏமாந்து நிற்கக் கூடாது என்பதுதான்.

இதிலிருந்து நேரா 19ஆம் நூற்றாண்டுக்கு வரலாம். அச்சு வந்து புத்தகம் மலிந்த பிறகு இந்தச் சிக்கல் ஏன் திரும்ப வந்தது? கற்பிக்கிற முறை மாறினதுதான் காரணம். அதுவரை அமெரிக்கக் கல்லூரிகளில் ஒரு பாடநூலை வாங்கி, மனப்பாடம் செய்து, வகுப்பில் ஒப்பிப்பதுதான் படிப்பு. 1869இல் சார்ல்ஸ் எலியட் ஹார்வர்டின் தலைவரானார். மாணவர்கள் பாடங்களைத் தாங்களே தேர்ந்தெடுக்கிற முறையை அவர் விரிவாக்கினார். ஜெர்மன் பல்கலைக்கழகங்களைப் பார்த்து, ஆசிரியர் விரிவுரை நடத்துவதும், மாணவர் பல நூல்களை ஒப்பிட்டுப் படிப்பதும் பரவியது. ஐம்பது பேரை அதே வாரத்தில் அதே நூலைத் தேடி ஓடவைத்தால் நூலகத்தில் இருப்பதோ ஒரு பிரதி.

1877இல் ஹார்வர்ட் நூலகராக வந்தவர் ஜஸ்டின் வின்சர். அதற்கு முன் பாஸ்டன் பொது நூலகத்தை நடத்தியவர், அமெரிக்க நூலகச் சங்கத்தின் முதல் தலைவர். புத்தகத்தைப் பூட்டிக் காப்பதைவிடப் பயன்படுத்த வைப்பதுதான் நூலகரின் வேலை என்று நினைத்தவர். பேராசிரியர்கள் தரும் பட்டியலை வைத்து நூல்களைத் தனியே ஒதுக்குகிற ஏற்பாடு அவர் காலத்தில்தான் அங்கே வேர்விட்டது. பகலில் உள்ளேயே படிக்கணும். மூடும்போது எடுத்துப் போய், காலையில் திருப்பிக் கொடுத்துடணும்.

அந்த 'ஒரு ராத்திரி' விதிக்குப் பின்னால் ஒரு சாதாரணக் காரணமும் இருக்கு. அன்றைய நூலகமான கோர் ஹாலில், தீப்பிடிக்கும் என்ற பயத்தால் விளக்கே கிடையாது. இருட்டினால் மூடிவிடுவார்கள். மின்விளக்கு வந்தது 1890களின் நடுவில்தான். அதுவரை, மூடிய கட்டடத்தில் ராத்திரி முழுக்கச் சும்மா கிடக்கிற புத்தகத்தை ஒரு மாணவன் வீட்டு விளக்கில் படிக்கட்டுமே என்பதுதான் கணக்கு.

பெசியா புத்தகத்தைத் துண்டாக்கியது. ரிசர்வ் நேரத்தைத் துண்டாக்கியது. புத்தகம் முழுசாக இருக்கும். உன் பங்கு ரெண்டு மணி நேரம்.

இந்தப் பங்கீடு எல்லாருக்கும் சமமாக இருந்ததா? இளங்கலை மாணவர்களுக்கென்றே ஹார்வர்ட் 1949இல் லமான்ட் நூலகத்தைத் திறந்தது. 1967 வரை அங்கே மாணவிகள் படிக்க முடியாது. அவர்கள் ராட்கிளிஃப் கல்லூரி நூலகத்தோடு சமாளிக்கணும். விதி எவ்வளவு நியாயமாக இருந்தாலும், கதவைத் தாண்டி உள்ளே வர முடிஞ்சவருக்குத்தான் அது பொருந்தும்.

1959இல் ஜெராக்ஸ் 914 இயந்திரம் வந்தது. ஒரு அத்தியாயத்தை நகலெடுத்து ரிசர்வில் வைப்பது சுலபமாச்சு. பிறகு ஸ்கேன் செய்து இணையத்தில் ஏற்றுவது, அதாவது இ-ரிசர்வ். காத்திருக்க வேண்டிய அவசியமே போச்சு. அங்கேதான் சண்டை ஆரம்பித்தது. 2008இல் கேம்பிரிட்ஜ், ஆக்ஸ்ஃபோர்ட், சேஜ் ஆகிய மூன்று பதிப்பகங்கள் ஜார்ஜியா ஸ்டேட் பல்கலைக்கழகத்தின்மீது வழக்குப் போட்டன. 2012 தீர்ப்பில் நீதிபதி ஐந்து இடங்களில் மட்டுமே உரிமை மீறல் இருந்ததாகச் சொன்னார். பத்து அத்தியாயத்துக்குக் குறைவான நூல் என்றால் 10 சதவீதம், இல்லாவிட்டால் ஒரு அத்தியாயம் என்று ஒரு அளவுகோலும் வைத்தார். 2014இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்த நிலையான அளவுகோலை ஏற்கவில்லை. ஒவ்வொரு நூலையும் தனித்தனியாகப் பார்க்கச் சொல்லித் திருப்பி அனுப்பியது. வழக்கு முடிய 2020 ஆயிற்று.

அதே கேம்பிரிட்ஜும் ஆக்ஸ்ஃபோர்டும், டெய்லர் அண்ட் ஃபிரான்சிஸோடு சேர்ந்து, 2012இல் டெல்லிப் பல்கலைக்கழக வளாகத்தில் இருந்த ஒரு ஜெராக்ஸ் கடையின்மீதும் பல்கலைக்கழகத்தின்மீதும் வழக்குத் தொடுத்தன. பாடத்திட்டத்தில் உள்ள பகுதிகளை நகலெடுத்துத் தொகுப்பாக விற்றதுதான் குற்றச்சாட்டு. 2016இல் டெல்லி உயர்நீதிமன்றம் கடைக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. கற்பித்தலின் போக்கில் எடுக்கும் நகலுக்கு இந்தியச் சட்டமே விலக்கு தருகிறது, அதில் இத்தனை சதவீதம் என்ற வரம்பு இல்லை என்பதுதான் மேல்முறையீட்டிலும் சாரம். 2017இல் பதிப்பகங்கள் வழக்கை விட்டு விலகின.

இப்போது மின்நூல் காலம். கோப்பு என்பது தீர்ந்துபோகிற பொருளே இல்லை. இருந்தும் பல மின்நூல்களை நூலகங்களுக்கு 'ஒரு நேரத்தில் ஒரு வாசகர்' என்ற உரிமத்தோடுதான் விற்கிறார்கள். ஒருத்தர் திறந்து வைத்திருந்தால் அடுத்தவர் காத்திருக்கணும். பாடநூல்களில் பலவற்றை நூலகத்துக்கு மின்வடிவில் விற்கவே மாட்டேன் என்கிறார்கள். வின்சர் காலத்து வரிசை, அதற்கு எந்தக் காரணமும் இல்லாத இடத்தில் திரும்ப வந்து நிற்கிறது.

பாரிஸில் துண்டுக்கு விலை வைத்தது பல்கலைக்கழகம். ஹார்வர்டில் நேரத்தைப் பிரித்துக் கொடுத்தது நூலகர். ரெண்டு பேருமே மாணவர் பக்கம் இருந்து, இருக்கிற கொஞ்சத்தைப் பங்கு போட்டவர்கள். இன்று பங்கு போடுவது உரிமத்தை விற்கிறவர். பேராசிரியர் பட்டியல் கொடுக்கும்போது நூலகரிடம் கேட்கிற முதல் கேள்வியும் மாறிப்போச்சு. முன்பு "எத்தனை பிரதி இருக்கு?" இப்போது "எத்தனை பேருக்கு உரிமம் இருக்கு?"