பிங் பிறந்த இரவு

1983 டிசம்பர். அமெரிக்காவின் மேரிலாந்து மாநிலத்தில், ராணுவத்தின் ஏவியல் (பாலிஸ்டிக்) ஆய்வகத்தில் நெட்வொர்க் முரண்டு பிடித்துக்கொண்டிருந்தது. எங்கே கோளாறு என்று பிடிபடவில்லை. அங்கே வேலைபார்த்த மைக் மூஸுக்கு, அந்த ஆண்டு ஜூலையில் நார்வேயில் நடந்த கூட்டத்தில் டேவிட் மில்ஸ் சொன்னது நினைவுக்கு வந்தது. சிறு தகவல் பொட்டலம் ஒன்றை இன்னொரு கணினிக்கு அனுப்பி, அது போய்த் திரும்பும் நேரத்தை மில்ஸ் அளந்துவந்தார்.

அதற்கான விதி முன்பே இருந்தது. 1981 செப்டம்பரில் ஜான் போஸ்டல் வெளியிட்ட, இணையக் கட்டுப்பாட்டுச் செய்திகளுக்கான ஐசிஎம்பி வரையறையில் ‘எக்கோ’ என்றொரு செய்திவகை உண்டு. அதைப் பெறும் கணினி, வந்த தகவலை அப்படியே திருப்பி அனுப்ப வேண்டும்.

மூஸ் உடனே பிங் நிரலை எழுத உட்கார்ந்தார். கம்பைல் ஆனது, ஆனால் ஓடவில்லை. அவருடைய யூனிக்ஸ் இயங்குதளத்தின் மையப் பகுதியான கெர்னலில் அத்தகைய பொட்டலத்தை நேரடியாக அனுப்ப வழியே இல்லை. கோபம் வந்தது, கெர்னலிலேயே கைவைத்து அந்த வழியை உண்டாக்கினார். விடிவதற்கு வெகுமுன்பே எல்லாம் ஓடத் தொடங்கிவிட்டது. ஆனால் முதல் பொட்டலம் கிளம்பும் முன்பே, சக ஊழியர் சக் கென்னடி பழுதான கருவியைக் கண்டுபிடித்துச் சரிசெய்திருந்தார். எந்தக் கோளாறுக்காகப் பிங் பிறந்ததோ, அதற்கு அது தேவைப்படவே இல்லை.

கல்லூரியில் சோனார் பற்றி நிறைய வேலை செய்தவர் மூஸ். கடலுக்கடியில் ஒலியனுப்பி எதிரொலி கேட்கும் அந்தக் கருவியின் ‘பிங்’ என்ற ஓசையையே தன் நிரலுக்குப் பெயராக வைத்தார். பெர்க்லி யூனிக்ஸோடு சேர்ந்து அது உலகெங்கும் பரவியது.

ஒரு நெட்வொர்க் நிர்வாகியின் கதையை மூஸ் ரசித்துச் சொல்வார். அந்த நிர்வாகியின் அலுவலகத்தில் ஈதர்நெட் கேபிள் விட்டுவிட்டு வேலைசெய்தது. பதில் வரும்போதெல்லாம் கணினி ‘பிங்’ என்று பேசும்படி செய்து, ஒலிபெருக்கியை முழுச் சத்தத்தில் வைத்துவிட்டு, கட்டடம் முழுக்க நடந்து ஒவ்வொரு இணைப்பாக ஆட்டிப் பார்த்தார். சத்தம் நின்ற இடத்தில் கோளாறு அகப்பட்டது.

2000ஆம் ஆண்டில் மூஸ் சாலை விபத்தில் காலமானார். பிங்தான் தனக்குப் பெரும்புகழ் தரும் என்று தெரிந்திருந்தால், இன்னும் ஓரிரு நாள் உழைத்துக் கூடுதல் வசதிகள் சேர்த்திருப்பேன் என்று எழுதியிருந்தார். அந்த ஓரிரவு வேலையே போதுமானது என்பேன். ‘இருக்கிறாயா? பதில் வர எவ்வளவு நேரம்?’ என்ற இரண்டே கேள்விகள். கோளாறு எங்கே இல்லை என்று ஒவ்வொரு படியாக உறுதிசெய்ய அவை போதும்.

வீட்டில் நெட் நின்றால் உடனே ரூட்டரை அணைத்துப் போடாதீர்கள். கமாண்ட் திரையைத் திறந்து முதலில் ரூட்டரைப் பிங் செய்யுங்கள். பல வீடுகளில் அதன் முகவரி 192.168.1.1. பதில் வந்தால் உங்கள் கணினிக்கும் ரூட்டருக்கும் இடையே தொடர்பு இருக்கிறது. நடுநடுவே பதில் விடுபட்டால் வைஃபை சிக்னலைச் சந்தேகியுங்கள். அடுத்து, வெளியே இணையத்தில் உள்ள 8.8.8.8 என்ற முகவரியைப் பிங் செய்யுங்கள். இதற்கும் பதில் வந்தால் வெளி லைன் உயிரோடு இருக்கிறது. எண்ணுக்குப் பதில் வந்தும் ஒரு தளத்தின் பெயரைக் கொடுத்தால் முகவரியே கிடைக்கவில்லை என்றால், பெயரை எண்ணாக்கித் தரும் டிஎன்எஸ்ஸில்தான் சிக்கல். ஒன்றை மறக்க வேண்டாம்: சில சர்வர்கள் பாதுகாப்புக்காகப் பிங்குக்குப் பதில் தருவதில்லை. அதனால் ஓரிடத்து மௌனத்தை மட்டும் வைத்து முடிவுகட்டக் கூடாது.

இவ்வளவும் பார்த்துவிட்டுச் சேவை மையத்தை அழைத்தால், “நெட் வரல” என்பதோடு நிற்க வேண்டியதில்லை. “ரூட்டர் வரைக்கும் பதில் வருது, அதைத் தாண்டினா வரல” என்று சொல்லலாம். பழுதுபார்க்க வருபவரும் எங்கே தொடங்குவது என்று தெரிந்தே வருவார்.