விளையாட்டுப் பொறியும் தொடும் கையும்

திருவிழாக் கடைகளில் விற்கும் கொட்டு வண்டியை நம்மில் பலர் இளமையில் இழுத்து விளையாடியிருப்போம். ஒரு மூங்கில் சட்டம், இரண்டு சக்கரங்கள், காகிதம் ஒட்டிய சிறு மண்கிண்ணம், அதன்மேல் இரு குச்சிகள், அவ்வளவே. கயிற்றைப் பற்றி இழுத்தால் கிண்ணம் முழங்கும், நின்றால் ஓயும். பார்த்து மகிழ்வதற்கு மட்டுமே அமைந்த பொம்மைக்கும் இதற்கும் பெரிய வேற்றுமை உண்டு. இது ஆடுவோரின் கையையும் தன் உறுப்புகளுள் ஒன்றாகக் கொண்டது. கை இல்லையேல் இப்பொறி நிறைவு பெறுவதில்லை.

இத்தகைய பொருள்களையும், மக்கள் உள்ளே புகுந்து விளையாடும் அமைப்புகளையும் திட்டமிட்டுச் செய்வது இந்நாளில் வடிவமைப்பாளரின் தொழிலாக மதிக்கப்படுகிறது. ஆயினும் நம் நாட்டில் இக்கலை மிகப் பழையது. அதன் வரலாற்றில் மூன்று கட்டங்களை இங்கே நோக்குவோம்.

முதலாவது மாளவத்தைச் சார்ந்தது. 11ஆம் நூற்றாண்டில் தாரா நகரிலிருந்து ஆண்ட போஜராஜனின் பெயரால் வழங்கும் 'சமராங்கண சூத்திரதாரம்' என்னும் வடமொழிச் சிற்ப நூலின் 31ஆம் அத்தியாயம் யந்திரங்களைப் பற்றியது. ஆடும் மரப்பதுமைகள், வாயில் காக்கும் பதுமைகள், மேகம் பொழிவதுபோல் நீர் சொரியும் மண்டபம் உள்ளிட்ட ஐவகை நீர்வீடுகள், ஐவகை ஊஞ்சல்-தேர்கள் ஆகியன அதில் கூறப்படுகின்றன. இவை அரண்மனையில் உள்ளவர் வெறுமனே நின்று காண்பதற்கு ஏற்பட்டவை அல்ல. நீரில் நனையவும், ஏறி அமர்ந்து ஆடவும் ஏற்பட்டவை.

நல்ல பொறியின் இலக்கணத்தையும் அந்நூல் வகுக்கிறது. உறுப்புகள் தளர்ந்தும் இருத்தலாகாது, இறுகியும் இருத்தலாகாது. ஒலி வேண்டாத இடத்தில் ஓசை எழலாகாது. வேண்டும் இடத்தில் உரக்க எழ வேண்டும். இசைப்பொறியாயின் தாளம் தவறலாகாது. மரத்தையும் கயிற்றையும் கையாண்டு பழகிய ஒருவரின் அனுபவமே இவ்விலக்கணத்தில் பேசுகிறது எனலாம்.

ஆனால் பொறிகளை எவ்வாறு செய்வது என்பதை அந்நூல் முழுவதும் வெளியிடவில்லை. அறியாமையால் விட்டதன்று, மறைவாகக் காத்தற்பொருட்டே விட்டது என்று நூலே கூறுகிறது. அதன் விளைவு யாது? காத்த மறை, காத்தவரோடே போயிற்று. நூல் மட்டும் எஞ்சியது. அந்நூலை 1924, 1925ஆம் ஆண்டுகளில் பரோடாவில் கெய்க்வாட் கீழ்த்திசை நூல்வரிசையில் வெளிவரும்படி பதிப்பித்தவர், திருநெல்வேலிச் சீமைத் தருவையில் பிறந்து திருவனந்தபுரத்தில் பணியாற்றிய த. கணபதி சாஸ்திரிகள். பழைய யந்திரங்களைப் பற்றி 1952-இல் பெங்களூரில் ஆராய்ச்சி நூல் வெளியிட்ட டாக்டர் வே. ராகவன் திருவாரூரில் பிறந்தவர். பிற மாநிலங்களில் வாழும் நம்மவர், தமிழறிஞர் இருவரின் உழைப்பு இவ்வகையில் பரோடாவிலும் பெங்களூரிலும் நூலுருப் பெற்றதை எண்ணி மகிழலாம்.

இரண்டாவது கட்டம் மைசூரைச் சார்ந்தது. திப்பு சுல்தானுக்காகச் செய்யப்பட்ட மரப்புலி உலகப் புகழ் பெற்றது. ஏறக்குறைய 178 சென்டிமீட்டர் நீளமுள்ள அப்புலி, மல்லாந்து கிடக்கும் ஓர் ஐரோப்பியன்மேல் ஏறி நிற்கிறது. பக்கத்திலுள்ள கைப்பிடியைச் சுழற்றினால் உள்ளிருக்கும் துருத்திகள் இயங்கும். வீழ்ந்தவனின் தொண்டைக்குழலில் காற்றுப் புகுந்து ஓலம் எழும். அவனுடைய இடக்கை உயர்ந்து தாழும். அக்கை அசையுந்தோறும் ஓலத்தின் சுருதியும் மாறும். புலியின் தலைக்குள் அமைந்த மற்றொரு குழல் உறுமும். புலியின் விலாப்புறத்துக் கதவைத் திறந்தால், தந்தத்தாலான கட்டைகளை உடைய சிறிய ஆர்கன் வாத்தியம் காணப்படும். அதில் மெட்டுகளை வாசிக்கலாம்.

இது வெறும் வேடிக்கை அன்று. 1792-இல் ஏற்பட்ட உடன்படிக்கையால் திப்பு தம் நாட்டில் பாதியை இழந்தார். புதல்வர் இருவரைப் பிணையாக ஒப்புவித்தார். புலி அவருடைய சின்னம். போர்க்களத்தில் முடியாததை, கைப்பிடியைச் சுழற்றும் ஒவ்வொரு முறையும் விளையாட்டில் முடித்துக்காட்டிய பொறி இது. விளையாட்டுப் பொருளிலும் ஒரு நாட்டின் வேதனை குடிகொள்ளக்கூடும் என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டுமோ?

1799 மே 4-ஆம் நாள் ஸ்ரீரங்கப்பட்டணம் வீழ்ந்தது. திப்பு களத்தில் மடிந்தார். அரண்மனையின் இசைமண்டபத்தில் கிடைத்த புலி, கடல் கடந்து இலண்டன் சேர்ந்தது. 1808 முதல் கிழக்கிந்தியக் கம்பெனியின் மாளிகையில் அது மக்கள் பார்வைக்கு வைக்கப்பட்டது. வந்தவர் எல்லாரும் கைப்பிடியைச் சுழற்றினர். அருகில் அமர்ந்து நூல்களைப் படிப்போர் அந்த ஓலத்தைப் பொறுக்கமாட்டாமல் முறையிட்டனர். 1840-களிலோ பொறி பழுதுற்றிருந்தது. பின்னர் அது சவுத் கென்சிங்டன் பொருட்காட்சிச்சாலைக்கு மாற்றப்பட்டது. இரண்டாம் உலகப்போரின்போது கூரை இடிந்து நொறுங்கிய புலியை 1947-இல் மீண்டும் ஒட்டி உருவாக்கினர். இன்று விக்டோரியா-ஆல்பர்ட் என வழங்கும் அச்சாலையில் அது கண்ணாடிக்குள் நிற்கிறது; காண்போர் அதைத் தொட இயலாது.

இதில் குறை கூறுவது எளிது. தீர்ப்புக் கூறுவது அரிது. எல்லாரும் தொட்டால் பொறி தேய்ந்து அழியும். எவரும் தொடாவிட்டால் பொறி பிழைக்கும், விளையாட்டு மடியும். போஜன் நூல் மறைத்துக் காக்க முற்பட்டுச் செய்முறையை இழந்தது. இலண்டன் மாளிகை திறந்துவிட்டுப் பொறியைப் பழுதாக்கியது. இவ்விரண்டிற்கும் இடையே நடுவழி உண்டா?

உண்டு என்பதைக் காட்டுவதே மூன்றாவது கட்டம். 1959-இல் கல்கத்தாவில் பிர்லா தொழில் பொருட்காட்சிச்சாலையும், 1965-இல் பெங்களூரில் விசுவேசுவரய்யா பொருட்காட்சிச்சாலையும் திறக்கப்பட்டன. 1979-இல் பம்பாய் வொர்லியில் குழந்தைகளுக்கென அறிவியல் பூங்கா அமைந்தது. இத்தகைய இடங்களில் பொருள்கள் தொடுவதற்கென்றே செய்யப்படுகின்றன. ஒரு கோடியில் கிசுகிசுத்தால் மறுகோடியில் கேட்கும் குழிந்த வட்டில்கள், தன் எடையைத் தானே தூக்கிக்கொள்ளும் கப்பி நாற்காலி என்பன போன்றவற்றைக் குழந்தைகள் ஆட்டிப்பார்த்தே அறிகின்றனர். தேய்ந்தால் செப்பனிடப் பட்டறை உண்டு. கெட்டால் மீண்டும் செய்யச் செய்முறை உண்டு. மறைபொருளும் இல்லை, கண்ணாடிச் சிறையும் இல்லை.

புலிக்கு உடையவர் பெயர் நிலைத்தது; கவர்ந்தவர் பெயரும் நிலைத்தது. அதைச் செதுக்கித் துருத்தி பொருத்திய கைவினைஞரின் பெயர் எழுதப்படவில்லை. கொட்டு வண்டி செய்து விற்பவரின் பெயரையும் நாம் கேட்பதில்லை. அடுத்த திருவிழாவில் நம் குழந்தை அவ்வண்டியை வாங்கி, உள்ளே என்ன இருக்கிறது என்று பிரித்துப்பார்க்க முற்பட்டால் அதட்டாதிருப்போம். விற்றவரிடமே திரும்ப அழைத்துச் சென்று, எப்படிச் செய்தீர்கள் என்று கேட்கச் சொல்வோம். இக்கலை அழியாமல் காக்கப்படுவது அக்கேள்வியினால்தான்.