நெல்லின் குலமும் நடவின் முறையும்

பாலாநகர்த் தொழிற்சாலைகளை நாடி வந்த தமிழராகிய நாம் வயலை விட்டு வந்தோம். சோற்றை விட்டு வந்தோமில்லை. அச்சோற்றின் வரலாற்றில் ஓர் அத்தியாயம் நாம் வாழும் இந்த ஐதராபாத் நகரிலேயே எழுதப்பட்டது.

கோவை நெல் ஆராய்ச்சி நிலையம் 1921-இல் தந்த ஜி.இ.பி. 24 சன்ன அரிசிக்குப் புகழ் பெற்றது. ஆயினும் அது நெடும் பயிர். நெடும் பயிருக்கு உரம் மிகுந்தால் கதிரின் பாரம் தாங்காது தாள் சாயும். களம் சேரவேண்டிய மணி சேற்றில் அழுகும். பசி நாட்டை வாட்டிய காலத்தில் இஃது எளிய இழப்பன்று.

1965-இல் இந்நகரின் இராஜேந்திரநகரில் அகில இந்திய ஒருங்கிணைந்த நெல் அபிவிருத்தித் திட்டம் தொடங்கிற்று. தைவானின் குட்டை நெல்லான தாய்ச்சுங் நேட்டிவ் 1-ஐயும் நம் நாட்டு டி 141-ஐயும் இணைத்துப் பிறந்த ‘ஜயா’ 1968-இல் வெளிவந்தது. குட்டைத் தாளைத் தரும் மரபணு, உரத்தை வைக்கோலாக்காமல் மணியாக்க உதவிற்று.

எனினும் குலம் மட்டும் போதாது. முதிர்ந்த நாற்றைக் கொத்தாக நெருக்கி நட்டால் தூர் கட்டுவது குறையும். மடகாஸ்கரில் 1980-களில் உருவாகி, தமிழகத்தில் திருந்திய நெல் சாகுபடி எனப் பெயர் பெற்ற முறையில், 14 நாள் இளநாற்று குத்துக்கு ஒன்றாக, 25 செ.மீ. இடைவெளியில் நடப்படுகிறது. வேர் பரவுகிறது, தூர் பெருகுகிறது.

ஆகவே, ஊரில் உள்ள உறவினர் புதுவிதை வாங்கினால், விதையின் பெயரோடு நாற்றின் வயதையும் கேட்போமாக.