பூந்தமல்லி தடா நீதிமன்றமும் ஒப்புதல் வாக்குமூலமும்

முன்னுரை

பயங்கரவாதத்தை ஒடுக்க இயற்றப்பெறும் தனிச்சட்டங்கள், பொதுச்சட்டம் குற்றஞ்சாட்டப்பட்டவருக்கு அளித்துள்ள பாதுகாப்புகளைத் தளர்த்துகின்றன. அத்தளர்வின் விளைவைச் சென்னையின் மேற்குப் புறநகரான பூந்தமல்லியில் நடைபெற்ற இராஜீவ் காந்தி கொலை வழக்கின்வழி இக்கட்டுரை ஆராய்கிறது.

தடாச் சட்டத்தின் 15-ஆம் பிரிவு

காவல் அதிகாரியிடம் அளிக்கப்படும் ஒப்புதல் வாக்குமூலத்தை 1872-ஆம் ஆண்டின் இந்தியச் சாட்சியச் சட்டம் சான்றாக ஏற்கவில்லை. துன்புறுத்தலால் பெறப்பட்டிருக்கலாம் என்னும் ஐயமே அதற்குக் காரணம். 1987-ஆம் ஆண்டின் தடாச் சட்டமோ, கண்காணிப்பாளர் நிலைக்குக் குறையாத காவல் அதிகாரி பதிவுசெய்யும் வாக்குமூலத்தை ஏற்கத்தக்கதாக்கியது. 1994-இல் கர்தார் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் இப்பிரிவு செல்லும் என்றது.

இரு தீர்ப்புகள்

1991 மே 21 அன்று திருப்பெரும்புதூரில் நிகழ்ந்த கொலை தொடர்பாகப் பூந்தமல்லி தடா நீதிமன்றம் 1998 சனவரி 28 அன்று 26 பேருக்கும் மரண தண்டனை விதித்தது. தடாச் சட்டம் 1995-இலேயே காலாவதியாகியிருந்தது. எனினும் நிலுவை வழக்குகளுக்கு அது தொடர்ந்து பொருந்தியது. உயர் நீதிமன்றத்திற்கு மேல்முறையீடு செய்யவும் அச்சட்டத்தில் வழியில்லை.

1999 மே 11 அன்று உச்ச நீதிமன்றம், இக்கொலை தடாச் சட்டம் கூறும் பயங்கரவாதச் செயல் ஆகாது எனத் தீர்ப்பளித்தது. 19 பேர் விடுதலையாயினர். நால்வரின் மரண தண்டனை உறுதியானது. மூவர் ஆயுள் தண்டனை பெற்றனர். ஆனால் தடாவின்கீழ்ப் பெறப்பட்ட வாக்குமூலங்கள், அதே விசாரணையில் அடங்கிய பிற குற்றங்களுக்கும் சான்றாகும் என அத்தீர்ப்பு கொண்டது. சட்டம் பொருந்தவில்லை, அச்சட்டம் தந்த சான்று மட்டும் நிலைபெற்றது.

வாக்குமூலத்தின் நம்பகத்தன்மை

இதன் விளைவு பேரறிவாளன் நேர்வில் வெளிப்பட்டது. மின்கலங்கள் வாங்கித் தந்ததாக அவர் மீது குற்றஞ்சாட்டப்பட்டது. அவை எதற்காக என்பது தமக்குத் தெரியாது என அவர் கூறிய பகுதியைத் தாம் பதிவுசெய்யவில்லை என வாக்குமூலத்தை எழுதிய அதிகாரியே 2013-இல் வெளிப்படுத்தினார். 2014-இல் அவரது மரண தண்டனை ஆயுள் தண்டனையாகக் குறைந்தது. 2022 மே 18 அன்று உச்ச நீதிமன்றம் அவரை விடுவித்தது. எஞ்சிய அறுவரும் அவ்வாண்டு நவம்பர் 11 அன்று விடுதலை பெற்றனர்.

முடிவுரை

2002-ஆம் ஆண்டின் பொடாச் சட்டம், வாக்குமூலம் அளித்தவரை 48 மணி நேரத்திற்குள் நீதித்துறை நடுவர்முன் நிறுத்த வேண்டும் என்றது. 2004-இல் அச்சட்டம் நீக்கப்பட்டு, ஊபா சட்டம் விரிவாக்கப்பட்டபோது காவல்துறை வாக்குமூலத்திற்கு அதில் இடம் தரப்படவில்லை. தனிச்சட்டம் காலாவதியானாலும் அது உருவாக்கிய சான்று மனிதரைச் சிறையில் வைத்திருக்கக்கூடும் என்பதே பூந்தமல்லி வழக்கு உணர்த்தும் உண்மையாகும்.