விடை பத்தியிலேயே இருக்கிறது

கீழ்க்கண்ட பத்தியைப் படித்து, பின்வரும் வினாக்களுக்கு விடையளிக்கவும்.

'குரண்டூரில் ஒரு பிளட்டன் வசித்தான். அவன் தினமும் சாயங்காலம் திமிளியைக் கொரசுவான். ஒருநாள் திமிளி நுமட்டிப் போயிருந்ததால் அவன் கொரசவில்லை.'

1. பிளட்டன் எங்கே வசித்தான்?
2. அவன் தினமும் எதைக் கொரசுவான்?
3. ஒருநாள் அவன் ஏன் கொரசவில்லை?

மூன்றுக்கும் உங்களால் விடை எழுத முடியும். மூன்றுக்கு மூன்று மார்க். ஆனால் திமிளி என்றால் காயா, மிருகமா, வாத்தியமா என்று கேட்டால் உங்களுக்கும் தெரியாது, அதை எழுதிய எனக்கும் தெரியாது. உங்களுக்குத் தெரிந்ததெல்லாம் தமிழின் உருபுகள்தான். 'இல்' வந்தால் எங்கே, 'ஐ' வந்தால் எதை, 'ஆல்' வந்தால் ஏன். அந்த மூன்று உருபுகளே முழு மார்க்கையும் வாங்கிக் கொடுத்துவிட்டன.

ஏழாம் வகுப்பில் ஆங்கிலக் காம்ப்ரிஹென்ஷன் பாசேஜை எதிர்கொள்ளும் பிள்ளைகளில் பலருக்கு அந்தப் பத்தி இப்படித்தான் தெரியும். 'ஒய்' என்று கேட்டால் 'பிகாஸ்' எங்கே இருக்கிறதென்று பார், அங்கிருந்து புள்ளி வரைக்கும் அப்படியே எழுது. 'வேர்' என்றால் 'இன்' அல்லது 'அட்'. கேள்வியில் உள்ள சொல்லைப் பத்தியில் தேடு, அது இருக்கிற வரியைத் தூக்கு. டியூஷனில் இதைச் சொல்லிக்கூடத் தர வேண்டியதில்லை, பசங்களே கண்டுபிடித்துவிடுவார்கள். மென்பொருள் எழுதிப் பிழைக்கிற எனக்கு இது நன்றாகத் தெரிந்த வேலை. கம்ப்யூட்டரில் கன்ட்ரோல் எஃப் அழுத்துவதைப் பிள்ளைகள் கண்ணாலேயே செய்கிறார்கள்.

அவர்கள் ஏமாற்றுகிறார்கள் என்று நான் சொல்லவில்லை. கேட்ட கேள்விக்குப் போதுமான அளவு மட்டும் வேலை செய்கிறார்கள், அவ்வளவுதான். என் சந்தேகம் கேள்வியின் மேல். இந்த மாதிரிக் கேள்வி எங்கிருந்து வந்தது? இதன் ஓட்டையை முன்னால் யாரும் பார்க்கவில்லையா? பார்த்திருக்கிறார்கள். 150 வருடங்களுக்கும் மேலாகப் பார்த்துக்கொண்டே இருக்கிறார்கள்.

*

முதலில் இலக்கணப் பயிற்சி. தப்பான ஒரு வாக்கியத்தைக் கொடுத்து 'பிழையைத் திருத்துக' என்று கேட்கும் வழக்கம் 18ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் வேர்விட்டது. நியூகாசிலைச் சேர்ந்த ஆன் ஃபிஷர் என்ற ஆசிரியை அந்த நூற்றாண்டின் நடுவில் வெளியிட்ட இலக்கண நூலில் 'மோசமான ஆங்கில' வாக்கியங்களைப் பயிற்சியாகச் சேர்த்தார். அதைப் பெரிய தொழிலாக்கியவர் லிண்ட்லி மர்ரே. அமெரிக்க வழக்கறிஞரான இவர் இங்கிலாந்தின் யார்க் நகரருகே குடியேறினார். அங்கிருந்த குவேக்கர் பெண்கள் பள்ளிக்காக 1795இல் ஓர் இலக்கணம் எழுதினார், 1797இல் அதற்குத் துணையாகப் பயிற்சிப் புத்தகம் ஒன்றும் போட்டார். பக்கம் பக்கமாகப் பிழை வாக்கியங்கள், மாணவியின் வேலை திருத்துவது.

இந்த வடிவம் ஏன் இவ்வளவு காலம் நின்றது? திருத்துவது சுலபம் என்பதால். விடை ஒன்றுதான், ஆசிரியர் கண்ணை ஓட்டினால் போதும். அறுபது பிள்ளைகள் இருக்கிற வகுப்பில் இது சின்ன விஷயமல்ல.

இந்தியாவுக்கு இந்த வடிவம் வந்தபோது அதைக் கொண்டுவந்தவர்கள் சுவாரசியமான ஆட்கள். 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் இந்திய வகுப்பறைகளை ஆண்ட இலக்கணம் ஜே.சி. நெஸ்ஃபீல்டுடையது. வடமேற்கு மாகாணங்களில் கல்வி அதிகாரியாக இருந்தவர். அதே மாகாணத்தின் சாதிகளை வகைப்படுத்தி 1885இல் ஒரு நூலும் வெளியிட்டார். மனிதர்களையும் சொற்களையும் ஒரே கை கட்டம் போட்டுப் பிரித்திருக்கிறது. அடுத்து வந்தது நம் வீட்டு அலமாரிகளில் இன்றும் இருக்கும் 'ரென் அண்ட் மார்ட்டின்', 1930களின் புத்தகம். அந்த பி.சி. ரென் பம்பாய் மாகாணத்தில் கல்விப்பணி செய்தவர், 1924இல் 'போ ஜெஸ்ட்' என்ற சாகச நாவல் எழுதி உலகப் புகழ் பெற்றவர். பாலைவனக் கோட்டையும் ஃபிரெஞ்சு வெளிநாட்டுப் படையும் வருகிற கதை. அதை எழுதியவர் பெயரை நாம் ஆக்டிவ் வாய்ஸ், பேசிவ் வாய்ஸோடு மட்டும் சேர்த்து நினைவில் வைத்திருக்கிறோம்.

*

இலக்கணத்தைச் சோதிப்பது சுலபமென்றால், வாசிப்பைச் சோதிப்பது எப்படி? இதில் முதல் பெரிய விபத்து 1862இல் இங்கிலாந்தில் நடந்தது. ராபர்ட் லோ என்ற அமைச்சர் கொண்டுவந்த புதிய விதிப்படி, பள்ளிக்குக் கிடைக்கும் அரசு மானியம் பிள்ளைகளின் தேர்வு முடிவைப் பொறுத்தது. இன்ஸ்பெக்டர் வருவார், வாசிக்கச் சொல்வார், எழுதச் சொல்வார், கணக்குப் போடச் சொல்வார். ஒரு பிள்ளை இந்த மூன்றில் ஒன்றில் தோற்றால் பள்ளிக்கு 2 ஷில்லிங் 8 பென்ஸ் நட்டம்.

பள்ளிகள் என்ன செய்திருக்கும்? இன்ஸ்பெக்டர் வாசிக்கச் சொல்லப்போகும் புத்தகத்தை வருடம் முழுக்க மனப்பாடம் செய்ய வைத்தன. அந்த இன்ஸ்பெக்டர்களில் ஒருவர் கவிஞர் மேத்யூ அர்னால்ட். 35 வருடம் அந்த வேலை பார்த்தவர். வாசிக்கவே தெரியாத பிள்ளையை வாசிப்புத் தேர்வில் தேற வைக்க முடிகிறது என்று 1860களிலேயே தன் அறிக்கையில் புலம்பினார். 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இதே 'ரிசல்ட்' மானிய முறை நம் சென்னை மாகாணத்திலும் நடந்தது. மனப்பாடம் நம் ரத்தத்தில் ஊறியது என்று சொல்லிக்கொள்கிறோம். ஊறியதில் கொஞ்சம் மானியக் கணக்குப் புத்தகத்திலிருந்தும் வந்தது.

பார்க்காத ஒரு பத்தியைக் கொடுத்துக் கேள்வி கேட்கலாமே என்பது இதற்கான இயல்பான மாற்று. மனப்பாடம் செய்ய முடியாது. ஆனால் அங்கேயும் ஓட்டை இருந்தது. 1917இல் அமெரிக்க உளவியலாளர் எட்வர்ட் தார்ன்டைக் அதைத் துல்லியமாகப் பிடித்தார். அவர் கொடுத்த பத்தியின் சாரம் இது: ஃபிராங்ளின் என்ற ஊரில் 7 முதல் 14 வயதுவரை உள்ள பிள்ளைகள் பள்ளி நடக்கும் எல்லா நாளும் வர வேண்டும். பிள்ளைக்கு உடம்பு சரியில்லை, வீட்டில் யாருக்கோ தொற்றுநோய், அல்லது சாலையில் போகவே முடியாது என்றால் மட்டும் விலக்கு. பத்து வயதுச் சிறுமி எந்த நாளில் வர வேண்டியதில்லை என்று கேட்டார்.

தவறான விடைகளைத் தூக்கிப் போடாமல் உட்கார்ந்து படித்தார் தார்ன்டைக். பல பிள்ளைகள் ஏதோ ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு அதற்கு மிதமிஞ்சிய கனம் கொடுத்திருந்தார்கள். இன்னொரு சொல்லை, உதாரணமாக 'தவிர' போன்ற ஒன்றை, காற்றில் விட்டிருந்தார்கள். வாசிப்பது என்பது கணக்குப் போடுவது மாதிரி என்றார் அவர். சரியானவற்றைத் தேர்ந்தெடுத்து, ஒவ்வொன்றுக்கும் சரியான எடை கொடுத்து, சரியான உறவில் சேர்க்க வேண்டும். உரக்க வாசிப்பது அதில் மேல்தோல் மட்டுமே.

*

இதெல்லாம் தாய்மொழியில் வாசித்த பிள்ளைகள். ஆங்கிலம் வீட்டில் புழங்காத பிள்ளைக்கு என்ன வழி? இதை டாக்காவில் இருந்துகொண்டு யோசித்தவர் மைக்கேல் வெஸ்ட். அங்கே ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியின் முதல்வர். வங்காளப் பிள்ளைகளின் இருமொழி வாசிப்பு பற்றி 1926இல் ஒரு நூல் வெளியிட்டார். அதில் அவர் கையாண்ட ஒரு கருத்துக்கு நம் எல்.ஐ.சி. ஏஜென்ட் பாஷையில் ஏற்கெனவே பெயர் உண்டு: சரண்டர் வேல்யூ. பாலிசியைப் பாதியில் நிறுத்தினால் கைக்கு எவ்வளவு வரும்?

பெரும்பாலான பிள்ளைகள் படிப்பை முடிக்காமலே நின்றுவிடுகிறார்கள். பத்து வருடம் முடித்தால்தான் பலன் என்ற வகையில் ஆங்கிலம் கற்பித்தால், நான்காவது வருடம் நின்றுபோகிற பிள்ளையின் கையில் இலக்கண விதிகளின் சில்லறைதான் இருக்கும். வாசிக்கக் கற்றுக் கொடுத்தால், எந்த வருடம் நின்றாலும் அந்த அளவுக்கு ஏதோ ஒன்றை வாசிக்க முடியும். எனவே வெஸ்ட் அடிக்கடி வரும் சொற்களைப் பொறுக்கினார், புதுச் சொற்களைக் கொஞ்சம் கொஞ்சமாக இடைவெளி விட்டு நுழைத்து, திரும்பத் திரும்ப வரச்செய்து எளிய கதைப்புத்தகங்கள் உருவாக்கினார். பத்தியில் திமிளிகளின் எண்ணிக்கையைக் குறைத்தார் என்று சொல்லலாம்.

நடுவில் நிற்பவர்களை மனதில் வைத்துப் பாடத்திட்டம் போட்ட மனிதர் என்பதால் வெஸ்ட் மேல் எனக்கு மரியாதை அதிகம். நம் பாடத்திட்டங்கள் பொதுவாக முதலிடம் வாங்கப்போகிற பிள்ளையை மனதில் வைத்துத்தான் எழுதப்படுகின்றன.

*

சுதந்திரத்துக்குப் பிறகு இலக்கண விதியை ஒப்பிக்கும் முறை பின்வாங்கி, வாக்கிய அமைப்புகளை ஒவ்வொன்றாக வாய்மொழியாகப் பழக்கும் முறை வந்தது. 'திஸ் இஸ் எ பென்' காலம். அதற்காக 1959 வாக்கில் சென்னை மாகாணத்தில் சுமார் 27,000 ஆசிரியர்களுக்கு மறுபயிற்சி தரும் ஒரு திட்டமே தொடங்கியது. பயிற்சி பெற்றவர் அடுத்தவருக்கு, அவர் இன்னொருவருக்கு என்று உருளும் திட்டம் என்பதால் 'மெட்ராஸ் ஸ்னோபால்' என்று பெயர். பனியே பார்க்காத ஊரில் பனிப்பந்து.

இருபது வருடம் கழித்து, சென்னை பிரிட்டிஷ் கவுன்சிலில் இருந்த என்.எஸ். பிரபு அந்த முறையைக் கேள்வி கேட்டார். வாக்கிய அமைப்பைப் பழக்கிவிட்டால் இலக்கணம் வந்துவிடுமா? பிள்ளையின் கவனம் முழுக்க அர்த்தத்தின் மேல் இருக்கும்போதுதான் இலக்கணம் உள்ளே இறங்குகிறது என்பது அவர் கணிப்பு. 1979 முதல் 1984 வரை பெங்களூர், சென்னை உள்ளிட்ட தென்னிந்திய ஊர்களின் பள்ளிகளில் இதைச் செய்து பார்த்தார். உலகம் இதை 'பெங்களூர் திட்டம்' என்கிறது.

அந்த வகுப்புகளில் இலக்கணப் பட்டியல் கிடையாது. ரயில் கால அட்டவணை, ஊர் வரைபடம், வகுப்பின் டைம்டேபிள் இவைதான் பாடம். ஒரு மாதிரிக் கேள்வியை நானே சொல்கிறேன்: ஒருவர் பதினொரு மணிக்குப் பெங்களூரில் ஒரு கூட்டத்தில் இருக்க வேண்டும், ஸ்டேஷனிலிருந்து அங்கே போக ஒரு மணி நேரம் ஆகும், அவர் எந்த வண்டியைப் பிடிக்க வேண்டும்? விடை அட்டவணையில் இருக்கிறது, ஆனால் எந்த வரியிலும் இல்லை. 'பதினொன்று' என்று தேடிப் பார்த்துப் பிரயோஜனமில்லை, யோசித்தே ஆக வேண்டும். யோசிப்பதற்காக ஆங்கிலத்தைப் புரிந்துகொண்டே ஆக வேண்டும்.

கேள்வி எவ்வளவு கடினமாக இருக்கலாம் என்பதற்குப் பிரபு வைத்த அளவுகோல் எனக்குப் பிடிக்கும். வகுப்பில் பாதிப் பேராவது பாதியாவது சரியாகச் செய்தால் அது சரியான கேள்வி. எல்லோரும் முழுசாகச் செய்தால் சுலபம், மாற்று.

1985இல் ஆலன் பெரெட்டா, ஆலன் டேவிஸ் இருவரும் இதை மதிப்பிட்டார்கள். சோதனை அமைப்பின் குறைகளைச் சொல்லி, அளவோடு ஆதரித்தார்கள். பின்னர் பெரெட்டா இன்னொன்றையும் கவனித்தார்: ஆர்வத்தோடு வந்த ஆசிரியர்களுக்குக் கைவந்த இந்த முறை, வழக்கமான பள்ளி ஆசிரியர்களில் பலருக்குக் கைகூடவில்லை. ஆச்சரியமில்லை. இதற்கு ஆசிரியர் ஒவ்வொரு பிள்ளையின் யோசனையையும் தொடர வேண்டும், அதையும் ஆங்கிலத்தில். பிழை திருத்தும் பயிற்சியை வைத்தால் அரை மணியில் அறுபது நோட்டு முடிந்துவிடும். பிரபுவின் வழி 'டாஸ்க்' முறைகளுக்கு முன்னோடியாக உலகமெங்கும் பேசப்படுகிறது. பிறந்த ஊரின் வினாத்தாளில் இன்னும் 'பிகாஸ்' தேடிக்கொண்டிருக்கிறோம்.

*

என் துறை இந்தக் கதைக்குள் நுழைவது இங்கே. 2016இல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் இயந்திரங்களுக்கு ஒரு காம்ப்ரிஹென்ஷன் தேர்வு உருவாக்கினார்கள். விக்கிப்பீடியாப் பத்திகள், ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட கேள்விகள், எல்லாவற்றுக்கும் விடை பத்தியிலேயே ஒரு துண்டாக இருக்கும். நம்ம ஏழாம் வகுப்பு வினாத்தாளேதான். 2018 ஜனவரியில் அலிபாபா, மைக்ரோசாஃப்ட் நிறுவனங்களின் நிரல்கள் அதன் ஓர் அளவையில் மனிதர்களைத் தாண்டின. இயந்திரம் வாசிக்கக் கற்றுவிட்டது என்று தலைப்புச் செய்திகள் வந்தன.

அதற்கு முந்தைய ஆண்டே ராபின் ஜியா, பெர்சி லியாங் இருவரும் ஒரு எளிய குறும்பு செய்து பார்த்திருந்தார்கள். பத்தியின் கடைசியில் சம்பந்தமில்லாத ஒரு வாக்கியத்தை ஒட்டினார்கள். கேள்வியின் சாயல் இருக்கும், ஆனால் வேறு ஆள், வேறு எண், வேறு போட்டி. மனிதர்கள் பெரும்பாலும் அசரவில்லை. 16 நிரல்களின் சராசரி மதிப்பெண் 75இலிருந்து 36க்கு விழுந்தது. அவை வாசிக்கவில்லை, சாயலைத் தேடிக்கொண்டிருந்தன. தார்ன்டைக் பிள்ளைகளிடம் கண்ட அதே நோய், சரியாக நூறு வருடம் கழித்து.

ஆனால் அதற்குப் பிறகு நடந்ததுதான் எனக்கு முக்கியம். இயந்திரத்தைத் திட்டாமல் தேர்வை மாற்றினார்கள். 2018இல் வந்த இரண்டாம் பதிப்பில் 50,000க்கும் மேற்பட்ட புதுக் கேள்விகள். பார்த்தால் விடை இருப்பதுபோலத் தோன்றும், ஆனால் பத்தியில் விடை கிடையாது. அப்போது 'விடை இல்லை' என்று சொன்னால்தான் மதிப்பெண்.

இயந்திரத்துக்குச் செய்து கொடுத்த இந்த நியாயத்தை நம் பிள்ளைகளுக்கு யாரும் செய்யவில்லை. அவர்கள் வினாத்தாளில் விடை எப்போதும் பத்தியில் இருக்கும், எப்போதும் கேள்வியின் சொல்லுக்குப் பக்கத்தில் இருக்கும். பள்ளிக்கு வெளியே அப்படி எதுவும் எழுதப்படுவதில்லை. கடன் ஆப்பின் நிபந்தனைகளில் வட்டி பற்றிய வரி இருக்கும், தவணை தவறினால் என்ன என்பது மட்டும் அந்தப் பக்கத்தில் இருக்காது. வெளிநாட்டு வேலை ஒப்பந்தத்தில் சம்பளம் இருக்கும், பாஸ்போர்ட் யார் கையில் என்பது இருக்காது. எழுதியிருப்பதைக் கண்டுபிடிக்கப் பத்து வருடம் பழகிய கண்ணுக்கு, எழுதாமல் விட்டது தெரியாது.

இதற்குப் புதுப் பாடத்திட்டமோ பிரபு மாதிரி ஓர் ஆசிரியரோ வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. திருத்தும் சுமையும் கூடாது. இப்போதிருக்கும் ஐந்து கேள்விகளில் ஒன்றை மட்டும் பத்தியில் விடை இல்லாத கேள்வியாக வைத்தால் போதும். 'இதற்குப் பத்தியில் பதில் இல்லை' என்று எழுதும் பிள்ளைக்கு முழு மார்க். அந்த ஒற்றைக் கேள்வி எது என்று தெரியாததால், மற்ற நான்கையும் அது வாசித்துத்தான் ஆக வேண்டும்.