தாலியும் தாளும்



தாசேக் கெலுகோர் வட்டாரத்துத் தோட்டங்களில் முதியவர்கள் இருக்கும் வீடுகளில் பெரும்பாலும் ஒரு தகரப்பெட்டி இருக்கும். பிள்ளைகளின் பிறப்புப் பத்திரம், பழைய அடையாளக் கார்டு, தொழிற்சங்கச் சந்தாப் புத்தகம் எல்லாம் அதில் பத்திரமாக இருக்கும். ஆனால் திருமணப் பத்திரம் பல பெட்டிகளில் இருக்காது. கோயிலில் தாலி கட்டியாயிற்று, லயத்து மக்கள் அத்தனை பேரும் சாட்சி, பிறகு பத்திரம் எதற்கு என்பதுதான் அந்தக் காலத்து எண்ணம். அந்த எண்ணத்தில் குற்றம் ஒன்றுமில்லை. ஆனால் மனைவியையோ கணவனையோ கடல் கடந்து அழைத்துக்கொள்ளவும், அவர்களுக்கு நிரந்தரவாசி உரிமை வாங்கவும் சட்டம் கேட்டது அந்தப் பத்திரத்தைத்தான். இன்று நாம் பேச எடுத்துக்கொண்டது அந்த வரலாறு.

கங்காணி காலத்தில் இப்படி ஒரு கேள்வியே எழவில்லை. 1907 ஆம் ஆண்டு தமிழர் குடியேற்ற நிதி ஏற்பட்டது. தோட்ட முதலாளிகள் செலுத்திய தொகையிலிருந்து தொழிலாளருக்கு இலவசக் கப்பல் பயணம் கிடைத்தது. கங்காணி ஊருக்குப் போய் ஆள் திரட்டும்போது, மனைவியும் வேலைக்கு வரும் ஆளாகவே கணக்கில் சேர்ந்தாள். இவள் அவனுக்கு மனைவிதானா என்று யாரும் கேட்கவில்லை. பால் வெட்டுவாளா, புல் வெட்டுவாளா என்றுதான் கேட்டார்கள். அப்படியிருந்தும் தனியாக வந்த ஆண்களே மிகுதி. 1921 குடிக்கணக்கெடுப்பில், மலாயா இந்தியரில் ஆயிரம் ஆண்களுக்கு ஏறத்தாழ 400 பெண்களே இருந்தனர். ஊரில் மனைவியை விட்டுவிட்டு வந்தவர்கள் எத்தனை பேர் என்பதை இந்தக் கணக்கிலிருந்தே ஊகிக்கலாம். 1938 ஜூன் மாதத்தில் இந்திய அரசு உதவிப் பயணத்தில் தொழிலாளர் வருவதைத் தடை செய்தது. அதன்பின் வர விரும்பியவர்கள் சொந்தக் காசில் வரவேண்டியதாயிற்று.

பத்திரம் இல்லாத திருமணத்தைத் துறைமுகத்திலே நிறுத்திவைத்தால் என்ன ஆகும்? மலாயாத் தமிழர் அதை அறிவதற்கு நாற்பது ஆண்டுகளுக்கு முன்பே தென்னாப்பிரிக்கத் தமிழர் அறிந்துகொண்டார்கள். கரும்புத் தோட்டங்களுக்கும் நிலக்கரிச் சுரங்கங்களுக்கும் ஒப்பந்தக் கூலிகளாகப் போன நம் மக்களைத்தான் சொல்கிறோம். அங்கே வாழ்ந்த ஓர் இந்திய முஸ்லிம் தம் மனைவியை ஊரிலிருந்து வரவழைத்தார். அவரை இறங்க விடவில்லை. வழக்கு கேப் நகர உயர்நீதிமன்றத்துக்குப் போயிற்று. 1913 மார்ச் 14 ஆம் நாள் நீதிபதி சியர்ல் தீர்ப்புச் சொன்னார். பலதார மணத்தை அனுமதிக்கும் ஒரு மதத்தின் முறைப்படி நடந்த திருமணத்தை அந்நாட்டுச் சட்டம் ஏற்காது என்பது தீர்ப்பு. வழக்கு ஒருவருடையது, அடி விழுந்ததோ எல்லோர் மீதும். அக்கினி சாட்சியாக மணந்த இந்துப் பெண்ணும் சட்டத்தின் கண்ணுக்கு மனைவி அல்லள் என்று ஆகிவிட்டது.

அதுவரை காந்தியடிகள் பெண்களைப் போராட்டத்தில் இறக்கத் தயங்கினார். இந்தத் தீர்ப்புக்குப் பிறகு அந்தத் தயக்கம் நீங்கிற்று. கஸ்தூரிபாய் அம்மையார் சிறை சென்றார். டிரான்ஸ்வாலிலிருந்து புறப்பட்ட ஒரு பெண்கள் குழு, பெரும்பாலும் தமிழ்ப் பெண்கள், நியூகாசில் சுரங்கத் தொழிலாளரிடம் போய்ப் பேசி வேலைநிறுத்தம் செய்ய வைத்தார்கள். விடுதலை பெற்ற கூலிகள் மீது விதிக்கப்பட்ட மூன்று பவுன் வரியை ஒழிப்பதும் அப்போராட்டத்தின் நோக்கம். கைக்குழந்தையோடு சிறை புகுந்த தாய்மாரும் உண்டு. தில்லையாடியைப் பூர்வீகமாகக் கொண்ட வள்ளியம்மை சிறையில் நோய்ப்பட்டு, வெளியே வந்த சில நாட்களில், 1914 பிப்ரவரி 22 இல், பதினாறு வயதில் உயிர் நீத்தார். வள்ளியம்மையை நாம் நாட்டு விடுதலைத் தியாகி என்றே படித்திருக்கிறோம். அது சரிதான். ஆனால் அவர் எதற்காகச் சிறை சென்றார் என்று கேட்டால், தாலி கட்டிய மனைவி மனைவியாகவே மதிக்கப்படவேண்டும் என்பதும் அந்த விடையில் அடங்கும். இதைப் பாடநூல்கள் ஏனோ ஒரு வரியில் தாண்டிப் போய்விடுகின்றன.

1914 இல் இந்தியர் நிவாரணச் சட்டம் வந்தது. ஒருவருக்கு ஒரு மனைவி என்ற வரம்போடு இந்தியத் திருமணங்களை ஏற்றது. இந்திய மதகுருமாரையே திருமண அதிகாரிகளாக நியமிக்கவும் வழி செய்தது. இந்த ஏற்பாட்டை நினைவில் வையுங்கள். பின்னால் நம் நாட்டிலும் இது வரும்.

இனி மலாயாவுக்கு வருவோம். 1953 ஆகஸ்டு முதல் நாள் புதிய குடிநுழைவுச் சட்டம் நடப்புக்கு வந்தது. அதன்பின் தொழிலுக்கு வரும் ஆளுக்குக் கதவு ஏறக்குறைய மூடப்பட்டது. வணிகத்துக்கும் சிறப்புத் தொழிலுக்கும் வேண்டியவர்களை விட்டால், இங்கு வாழ்பவர்களின் குடும்பத்தாருக்கே முக்கியமாக இடம் இருந்தது. அதாவது, அதுவரை வேலையாளாக வந்த பெண் இனிமேல் இன்னாரின் மனைவியாகத்தான் வரலாம். ரஜூலாக் கப்பலில் நாகப்பட்டினத்திலிருந்து பினாங்கு வந்து இறங்கி, பிறைக்குக் கடந்து, ரயிலேறி வடக்கே வந்த பெண்களுக்கு, தாங்கள் மனைவி என்று மெய்ப்பிப்பதே நுழைவுச் சீட்டாயிற்று. 1959 இல் பிடி மேலும் இறுகியது. கணவனைப் பிரிந்து தொடர்ந்து ஐந்து ஆண்டுகள் வாழ்ந்துவிட்ட மனைவி வரவும் தடை ஏற்பட்டது. தம்பிமார் படிப்பு, தங்கை கல்யாணம், வாங்கிய கடன் என்று மனைவியை அழைப்பதைத் தள்ளிப்போட்ட தொழிலாளிக்கு அந்த ஐந்து ஆண்டு பெரிய காலம் அல்ல. வசதியுள்ளவனுக்கு இந்தச் சட்டம் அவ்வளவாக உறைத்திருக்காது என்பது நம் கருத்து.

சுதந்திரத்தோடு மற்றொரு கதவு திறந்தது. மலேசியக் கூட்டரசு அரசியல் சட்டத்தின் 15 ஆம் விதி, குடிமகனின் மனைவி விண்ணப்பித்துக் குடியுரிமைப் பதிவு பெற வழி தருகிறது. 1962 க்குப் பிந்திய ஏற்பாட்டின்படி, அவர் விண்ணப்பத்துக்கு முந்திய இரண்டு ஆண்டுகள் இங்கே வாழ்ந்திருக்க வேண்டும். இங்கேயே நிலையாக வாழும் எண்ணமும் நன்னடத்தையும் உடையவராக இருக்க வேண்டும். வழி இருந்தும் தோட்டப்புறத்தில் பலர் அதில் நடக்கவில்லை. கணவன் நீல அடையாளக் கார்டு, மனைவி சிவப்புக் கார்டு. இரண்டும் ஒரே வீட்டில்தானே இருக்கின்றன என்று இருந்துவிட்டார்கள்.

1968 இல் வேலைக் கட்டுப்பாட்டுச் சட்டம் வந்தபோது விபரீதம் தெரிந்தது. குடியுரிமை இல்லாதவர் வேலை செய்யப் பெர்மிட் வேண்டும் என்றது அச்சட்டம். இருபது ஆண்டு ஒரே நிரையில் பால் வெட்டியவரும் பெர்மிட் இல்லாவிட்டால் கத்தியைக் கீழே வைக்கவேண்டும். 1969 ஐ ஒட்டிய ஆண்டுகளில் பல்லாயிரம் இந்தியர் கப்பலேறினர். குடிமகனின் மனைவி என்று காட்ட முடிந்தவருக்கு 15 ஆம் விதி துணை நின்றிருக்கும். காட்டுவதற்குத் தகரப்பெட்டியில் தாள் இல்லை.

இந்தக் குறையைத் தீர்க்க வந்தது 1976 ஆம் ஆண்டின் திருமண, மணவிலக்குச் சீர்திருத்தச் சட்டம். அது 1982 மார்ச் முதல் நாள் நடப்புக்கு வந்தது. அன்றுமுதல் முஸ்லிம் அல்லாதாரின் திருமணத்தைப் பதிவு செய்வது கட்டாயம். அதற்கு முன் மத வழக்கப்படி முறையாக நடந்த திருமணங்கள் பதிவானவையாகவே கருதப்படும். விரும்பினால் பதிந்தும் கொள்ளலாம். கோயில் குருக்களையும் துணைப் பதிவாளராக நியமிக்கலாம் என்றும் சட்டம் சொல்லிற்று. 1914 இல் தென்னாப்பிரிக்காவில் செய்த ஏற்பாடு 68 ஆண்டு கழித்து நம்மிடம் வந்து சேர்ந்தது.

தமிழ்நாட்டில் பெண் எடுப்பவர்கள் இச்சட்டத்தின் மற்றொரு பகுதியையும் தெரிந்துகொள்ள வேண்டும். வெளிநாட்டில் மணம் முடிக்கும் மலேசியர் ஆறு மாதத்துக்குள் மலேசியத் தூதரகத்தில் பதியவேண்டும். சென்னையில் மலேசியத் துணைத்தூதரகம் உள்ளது. பதிவுக்குப் பிறகே குடிநுழைவு இலாகாவின் படிகள். முதலில் நீண்டகாலச் சமூக வருகை அனுமதி. அதற்கு மலேசியத் துணைவர் பொறுப்பேற்றுக் கையொப்பமிட வேண்டும். அந்த அனுமதியில் சில ஆண்டுகள் தொடர்ந்து வாழ்ந்தபின் நிரந்தரவாசி உரிமைக்கு விண்ணப்பிக்கலாம். விண்ணப்பிக்கலாமே தவிர, கிடைத்தே தீரும் என்பதல்ல.

வழக்கறிஞர் உதவி எங்கே பயன்படும்? பழைய திருமணத்துக்குச் சத்தியப் பிரமாணப் பத்திரம் எழுதவும், பெயர் ஒரு பத்திரத்தில் ஒரு மாதிரியும் மற்றொன்றில் வேறு மாதிரியும் இருந்தால் சரி செய்யவும், பதிவு தவறியதை நேர் செய்யவும் பயன்படும். வருமானம் குறைந்தவர்களின் குடும்ப வழக்குகளுக்கு 1970 இல் தொடங்கிய அரசாங்கச் சட்ட உதவி இலாகா இருக்கிறது. ஆனால் நுழைவு உரிமை மறுக்கப்பட்ட பிறகு வழக்குப் போட்டு வாங்கிவிடலாம் என்று எண்ணுவோர் ஒன்றை அறியவேண்டும். 1997 இல் குடிநுழைவுச் சட்டத்தில் சேர்க்கப்பட்ட 59ஏ பிரிவு, அச்சட்டத்தின் நடைமுறை சரியாகப் பின்பற்றப்பட்டதா என்பதைத் தவிர மற்றவற்றை நீதிமன்றம் ஆராய முடியாதபடி செய்தது. சபாவில் தம் நுழைவு அனுமதி ரத்தானதை எதிர்த்துச் சுகுமார் பாலகிருஷ்ணன் என்ற வழக்கறிஞர் தொடுத்த வழக்கில், 2002 இல் கூட்டரசு நீதிமன்றம் இந்தப் பிரிவை அப்படியே ஏற்றது. ஆகவே வழக்கறிஞரிடம் போகும் நாள் விண்ணப்பத்துக்கு முந்திய நாளாக இருப்பதே பயன் தரும்.

இதுவரை மனைவியரைப் பற்றியே பேசினோம். சட்டமும் அப்படித்தான் பேசுகிறது. 15 ஆம் விதியில் குடிமகளின் கணவன் என்ற சொல்லே இல்லை. பிரிட்டனிலும் இந்தப் பேதம் இருந்தது. அங்கே குடியிருந்த மூன்று பெண்கள் தம் கணவரை அழைத்துக்கொள்ள முடியாமல் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் போனார்கள். 1985 இல் அது பாலின வேற்றுமை என்று தீர்ப்பாயிற்று. பிரிட்டன் என்ன செய்தது தெரியுமா? கணவருக்கு இருந்த கெடுபிடியை மனைவியருக்கும் விதித்துச் சமமாக்கிவிட்டது! நம் நாட்டில், நம் தோட்டத்துப் பெண் ஒருத்தி தஞ்சாவூர் மாப்பிள்ளையை மணந்து அழைத்து வந்தால், அவருக்கு 15 ஆம் விதி உதவாது. அந்தப் பெண் கையொப்பமிட்டு வாங்கித் தரும் வருகை அனுமதியோடு அவர் ஆண்டுகளை எண்ணவேண்டும்.